அரைத் திருகு

வெள்ளிக்கிழமைதோறும் கடைக்கு வரும் பெரியவரின் மூக்குக்கண்ணாடி மறுபடியும் ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"திரும்பவும் ஆடுது தம்பி," என்று கழற்றி நீட்டினார்.

கடைக்காரன் மனைவிக்கு மானம் போயிற்று. கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு ஒரு திருகாணியை முடுக்கத் தெரியவில்லை என்றால் நாலு பேர் சிரிக்கமாட்டார்களா? காத்திருந்த பெண்மணியின் பார்வை ஏற்கெனவே எதிர்க்கடைப் பக்கம் போயிருந்தது.

கணவனோ திருப்புளியை எடுத்துச் சாவகாசமாகத் திருகினான்.

பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து, மெத்தையில் பாதியைப் பிடித்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பூனையின் கதையை ஆரம்பித்தார். அவருடைய மனைவி காலமான பின் வீட்டில் பேச்சுத்துணைக்கு அது ஒன்றுதான்.

கணவன் கை பட்ட மற்ற கண்ணாடிகள் கழுதை உதைத்தாலும் அசையாது. இது மட்டும் ஏன் ஆடுகிறது? போதாக்குறைக்கு, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பெரிய வியாபாரம் முடித்தவன் முகத்தோடு கடை சாத்துகிறான். கல்லாவில் காற்றுதான். அவளுக்கு மண்டை குடைந்தது.

கணவன் உள்ளே போன நேரம், கண்ணாடியை அவளே எடுத்தாள். ஒரு சொட்டுப் பசை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முடுக்கு.

இனி ஆடட்டும், பார்க்கலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு அவர் வரவில்லை. கணவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஜெயித்துவிட்டாள்.

கடை சாத்தும் நேரத்துக்கு வந்தார்.

"தானாவே கழண்டுருச்சு தம்பி."

அவள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். திருகாணியின் தலை முழுக்கக் கத்திமுனைக் கீறல்கள். பெரியவரின் கட்டைவிரலில் துணிக்கட்டு. அவள் பார்ப்பதைக் கண்டதும் அவர் கையைப் பின்னால் கொண்டுபோனார்.

கணவன் அவளை உள்ளே இழுத்துக் குரலைத் தாழ்த்தினான்.

"காரணமில்லாம வர அவருக்குக் கூச்சம். முன்னாடியும் இப்படித்தான், அவரே கழட்டிட்டு வருவாரு. பாவம், இந்த வயசுல பொய் சொல்ல வேணாமேன்னு நானே அரைத் திருகு குறைச்சு விட ஆரம்பிச்சேன்."

அவள் அவன் கையிலிருந்த திருப்புளியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"உட்காருங்கய்யா, இதுக்குக் கொஞ்சம் நேரமாகும். ஆமா, அந்தப் பூனை மெத்தையைத் திருப்பிக் குடுத்துச்சா இல்லையா?"

பெரியவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் புதுத் திருகாணி ஒன்றைப் போட்டுத் திருகினாள். இறுகுவதற்குச் சற்று முன்னால் கை நின்றது.