திறக்காத கல்யாண டிஸ்க்

“ஒரு டிஸ்க்கத் தொறக்கத் தெரியல, உனுக்கு எதுக்குய்யா ஸ்டூடியோ?”

எல்லம்மாள் போட்ட சத்தம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும்.

“கம்ப்யூட்டர் இத்தக் காட்ட மாட்டேங்குதுக்கா. கொஞ்சம் பொறு” என்றான் தானியேல்.

அவள் மகனின் கல்யாண வீடியோ மேஜைமேல் இருந்த அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தது. பெண்ணின் அப்பா முத்துவேலுக்கும் ஒரு சிடி வேண்டும். இருவரையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லித் தொலைத்திருந்தான் தானியேல். பெஞ்சின் ஆளுக்கொரு முனையில், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பந்தியில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பாயசம் தீர்ந்துபோனதிலிருந்து பேச்சு இல்லை. இதோ தலை தீபாவளி வந்துவிட்டது. சம்பந்தியிடம் பேசாமல் மகளையும் மருமகனையும் எப்படி அழைப்பது? முத்துவேலுக்கு வாய் வரவில்லை. மகள் இந்து மாமியார் வீட்டில் அழுதுகொண்டிருந்தாள்.

தானியேல் கம்ப்யூட்டரின் முன்பக்கம் சொருகியிருந்த டிஸ்க் ஒயரைப் பின்பக்கம் மாற்றினான். அணைத்துப் போட்டான். ஊதிப் பார்த்தான்.

“ரெண்டு பேரும் கிட்ட வந்து திரையப் பாருங்க. சின்னதா ஒரு கட்டம் வந்தா சொல்லுங்க” என்று மேஜைக்குப் பின்னால் குனிந்தான்.

இரண்டு தலைகளும் திரைக்கு நெருங்கின.

“ஒண்ணும் வரலியே, சம்மந்தி?” என்றாள் எல்லம்மாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

“வரலீங்க சம்மந்திம்மா.” முத்துவேல் தொண்டையைச் செருமினார். “அன்னிக்குப் பாயசம்... சத்தியமா எங்களுக்கும் கெடைக்கலீங்க.”

“அப்ப எவந்தான் குடிச்சான்?”

“அதப் பாக்கத்தான் வீடியோ வாங்க வந்தேன்.”

எல்லம்மாள் சிரித்தாள். முத்துவேலுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

“தீபாவளிக்குப் புள்ளைங்கள அனுப்பி வைங்க சம்மந்திம்மா.”

“நீங்க கூப்புட்டாத்தானே அனுப்புறது? நானும் வரேன். பெரிய குண்டானா வைங்க.”

திரையில் கட்டம் வந்தது. மேளச் சத்தத்தோடு படம் ஓடியது. முத்துவேல் இனிப்பு வாங்க ஓடினார்.

தானியேல் உள்ளுக்குள் சிரித்தபடி படத்தைச் சிடியில் ஏற்றி நீட்டினான். எல்லம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

“தானியேலு, அடுத்த தபா ஒயர டிஸ்க்குல சொருகாம ஏமாத்தறதுன்னா, மேல ஒரு துணியப் போட்டு மூடு. நான் உக்காந்த எடத்துலேர்ந்து எல்லாம் தெரிஞ்சிது.”

தானியேல் திகைத்தான். “அப்பவே சொல்றதுக்கு இன்னாக்கா?”

“என் மருமவ அழுவறத எத்தினி நாளு பாத்துக்கினு இருக்கிறது? மொதல்ல பேச எனுக்கும் ஒரு சாக்கு வேணாமா?”