பரோல் மனுவுக்கு நான்காவது ஆட்சேபம்

சிம்மக்கல்லில் வக்கீல் ஸ்வர்ணாவின் அறைக்குள் டவுன் பஸ் இரைச்சலும் மதிய வெயிலும் சேர்ந்தே நுழைகின்றன. பிள்ளைகளைச் சீரழித்துச் சிறைக்குப் போன டியூஷன் வாத்தியார், மகள் கல்யாணத்துக்குப் பரோல் கேட்கிறான். விடக்கூடாது என்ற மனுவில், அன்று அவனிடம் படித்த மூன்று பெண்கள் கையெழுத்துப் போட்டாயிற்று. நான்காவதாகத் தாமரைச்செல்வி பேனாவைத் திறக்கிறாள், மூடுகிறாள். மற்றவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் கிறீச்சிடும் மின்விசிறியையே பார்க்கிறார்கள். "ஸ்டாம்ப் பேட் இருக்காக்கா?" என்கிறாள். ஸ்வர்ணா நிமிர்கிறார். "எம்.ஏ. படிச்ச பிள்ள, கைநாட்டு எதுக்கும்மா?" "எம்பேரை எழுதப் பழக்குனதே அவன்தான்க்கா. இந்தக் கையைப் பிடிச்சு." வலக்கை மடிக்குள் போகிறது. அவன் பிடிக்காத இடக்கையின் கட்டைவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்துகிறாள். எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கிறாள்.