கண்டிக்குப் போன புதன்கிழமை

கண்டியில் அத்தைக்குச் சுகமில்லை என்று சொல்லித்தான் டோரீன் டீச்சர் புதன்கிழமை லீவு எடுத்தாள்.

அவளுக்குக் கண்டியில் அத்தையே கிடையாது.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அந்த அறுபத்திரண்டாம் வருஷம்தான் உடப்புசல்லாவையிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை மத்தியாஸ், தோட்டத்துக் கிளார்க். போட்டோவைப் பார்த்த அவன் வீட்டார், பிள்ளை கொஞ்சம் பருமன் என்று சொல்லியனுப்பினார்கள். ஈஸ்டருக்குப் பிறகு நேரில் வந்து பார்ப்பார்களாம்.

ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் உடம்பு மெலிய மாத்திரை கிடைத்தது. யாருக்கும் தெரியாமல் விழுங்கினாள். பசி செத்தது. தூக்கமும் போனது. கரும்பலகையில் எழுதும்போது கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. ஆனாலும் மூன்றே மாதத்தில் இருபது இறாத்தல் குறைந்துவிட்டாள்.

குறைந்த பிறகுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. முழங்காலுக்குக் கீழே, சதை வற்றிய இடமெல்லாம், சிலந்தி நூல் போட்டதுபோல ஊதாவும் சிவப்புமாக நரம்புகள். முன்பும் இருந்திருக்கும். இப்போது எடுப்பாகத் தெரிந்தன. பவுடர் பூசிப் பார்த்தாள், மறையவில்லை. கண்டி ஆஸ்பத்திரியில் இதற்கு ஊசி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் அந்த அத்தை பிறந்தாள்.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் "டீச்சரம்மா" என்று ஒரு குரல். அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ராக்காயி.

"காச்சல்னு சொல்லிட்டு வந்தேங்க. நரம்பு வெடிச்சு காலெல்லாம் புண்ணு. தெரிஞ்சா கொழுந்து வேலையில இருந்து எடுத்துருவாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

டோரீன் தலையை மட்டும் ஆட்டினாள். நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று ராக்காயி கேட்கவில்லை. கேட்காததே டோரீனுக்குப் பயமாக இருந்தது.

ராக்காயியை உள்ளே கூப்பிட்டார்கள். சற்று நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து, இந்தப் பெண் சொல்வது டாக்டருக்கு விளங்கவில்லை, தமிழும் சிங்களமும் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டாள். டோரீனுக்கு இரண்டும் நன்றாக வரும். அவள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

அவள் முறை வந்தது. நரம்பைப் பார்த்த டாக்டர், இதனால் உயிருக்கு ஒன்றுமில்லை, ஊசி போட்டால் மங்கும், முழுக்க மறையும் என்று சொல்ல முடியாது என்றார். நாடி பிடித்ததும்தான் அவர் முகம் மாறியது. என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று துருவிக் கேட்டு, அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்து என்று கண்டித்தார். ஊசி இறங்கும்போது கதவு திறந்தது. மறந்துபோன துண்டை எடுக்க வந்த ராக்காயி, சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்திருந்த டீச்சரைப் பார்த்துவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் டோரீனுக்கு ஒரே நினைப்புதான். டீச்சர் இப்படி உருகிப்போவது சயரோகமோ என்று ஏற்கெனவே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கிசுகிசுக்கிறார்கள். ராக்காயியும் வாயைத் திறந்தால் உடப்புசல்லாவை வரைக்கும் போய்விடும். அவளை முதலில் பொய்க்காரியாக்கிவிட்டால், பிறகு அவள் சொல்வதை யார் நம்புவார்கள்?

மறுநாள், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அம்மாக்கண்ணுவிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"காச்சல்னு லீவு போட்டுட்டு ராக்காயி கண்டியில சுத்துனாளாமே. பஸ்ல யாரோ பேசிக்கிட்டாங்க."

அம்மாக்கண்ணு காதில் விழுந்தது அன்று பொழுதுக்குள் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை செல்லசாமி காதிலும் விழுந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றார்.

காலையில் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும்போது, காய்ச்சல்காரிக்குக் கண்டியில் என்ன வேலை என்று ராக்காயியைக் கேட்டாராம். தோட்டத்துத் துரையிடம் கொண்டுபோவேன் என்று மிரட்டினாராம். அவள் எல்லார் முன்னாலும் புண்ணில் போட்டிருந்த கட்டைப் பிரித்துக் காலைக் காட்டிவிட்டாள். கொழுந்திலிருந்து அவளை எடுக்கும்படி ஆகிவிட்டது என்றார். கூட்டத்தில் ஒருத்தி, டீச்சரும் அன்றைக்குக் கண்டிக்குத்தானே போனார், ஆஸ்பத்திரியில் பார்த்தாயா, அவருக்கு என்ன நோவு என்று கிளறியிருக்கிறாள்.

"டீச்சரம்மா எனக்குத் தொணைக்கு வந்தாங்க, டாக்டர்கிட்ட சிங்களத்துல எனக்காகப் பேசுனதே அவங்கதான்னு ராக்காயி சொல்லிட்டா. நீங்க அத்தைக்குச் சுகமில்லன்னு சொல்லி மறைச்சிருக்கீங்களே. பொம்பளைங்க எல்லாம் ஒங்களத்தான் வாழ்த்துறாங்க."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். டோரீனுக்குப் பிள்ளைகளின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே லயத்துக்குப் போனாள். ராக்காயி கட்டுப்போட்ட காலைப் பலகைமேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் போனவளை டோரீன் கையமர்த்தினாள்.

"ஒன்னப் பத்தி அம்மாக்கண்ணுகிட்ட சொன்னது..."

"தெரியுங்க. என்ன அங்க பாத்தது நீங்க ஒருத்தங்கதானே."

"தெரிஞ்சுமா எனக்காகப் பொய் சொன்ன?"

ராக்காயி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு சொன்னாள்:

"எங்காலத்தான் பெரட்டுல அத்தன பேரும் பாத்துட்டாங்க. ஒங்க கால வேற எதுக்குங்க பாக்கணும்?"