ஐந்நூறாவது ஆட்டம்

"அந்தாளைச் சும்மா விடாதீங்கம்மா. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை எழுதுங்க!"

சொல்லும்போதே கேப்டனின் குரல் உடைந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த விளையாட்டு நிருபர் தலையாட்டினாள். அதற்குத்தானே வந்திருக்கிறாள்!

வருஷக் கடைசி. இந்த ஆண்டின் சாதனைகள், சறுக்கல்கள் என்று அவள் பத்திரிகையில் சிறப்புப் பக்கங்கள் வருகின்றன. அதில் 'ஆண்டின் துரோகம்' அவள் பொறுப்பு. யாரைப் பற்றி எழுதுவது என்று அவள் மண்டையை உடைத்துக்கொள்ளவே இல்லை. அதுதான் ஊருக்கே தெரிந்த கதையாயிற்றே.

ஒரே கால்பந்து கிளப்புக்காக ஐந்நூறு ஆட்டம் ஆடியவர் இதுவரை யாருமில்லை. கேப்டனுக்கு ஒரே ஒரு ஆட்டம்தான் பாக்கி. அவர் ஓய்வு பெறும் சீசனின் கடைசி ஆட்டம், அதுவும் சொந்த மைதானத்தில். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று "கேப்டன்! கேப்டன்!" என்று கத்தியது. கோட்டுக்கு வெளியே நின்று கேப்டனும் கெஞ்சினார்.

கோச் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி விசில் வரைக்கும் அவரை ஆட்டத்தில் இறக்கவே இல்லை.

ஏன் என்று டி.வி.க்காரர்கள் மைக்கை நீட்டியபோது, "அது என் முடிவு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அது போதாதா? 'கல்நெஞ்சக் கோச்' என்று தலைப்புப் போட்டு, நிருபர் கிழி கிழியென்று கிழித்துவிட்டாள். ரசிகர்கள் போய் கோச் வீட்டு ஜன்னலை நொறுக்கினார்கள். கிளப்பும் அவரை வேலையைவிட்டுத் தூக்கியது. ஆண்டின் சிறந்த விளையாட்டுக் கட்டுரை என்று அவளுக்கு ஒரு விருது வேறு.

"பத்து நிமிஷம் இறக்கு, போதும்னு கேட்டேன்மா. சின்ன வயசுலேர்ந்து ஒண்ணா ஆடினவங்க நாங்க. அவனுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்?"

கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"இருங்க, காபி கொண்டு வரேன்" என்று எழுந்து உள்ளே போனார் கேப்டன்.

வெறுங்கையோடு திரும்பி வந்தார். நிருபரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அடடே, வாங்கம்மா! எந்தப் பத்திரிகை? வந்து ரொம்ப நேரமாச்சா?"

நிருபரின் பேனா அப்படியே நின்றது.

மனைவி ஓடிவந்து கேப்டனின் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். "இவங்களை அனுப்பிட்டு வந்துடறேன்" என்று நிருபரை வெளியே கூட்டி வந்து, கதவைச் சாத்தினாள்.

படியேறி வந்துகொண்டிருந்தார் ஓர் ஆள். கையில் மருந்துக்கடைப் பை.

கோச்!

நிருபருக்குச் சுர்ரென்று ஏறியது. "செய்யறதையும் செஞ்சுட்டு, இந்த வீட்டுப் படியேற உங்களுக்கு எப்படி சார் மனசு வந்தது?"

"மெதுவா! உள்ளே கேட்டுடப் போகுது" என்று பதறிய மனைவி, பையை வாங்கிக்கொண்டாள். "எல்லா மாத்திரையும் கிடைச்சுதா அண்ணா?"

அண்ணாவா? நிருபர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வருஷக்கணக்கா பந்தைத் தலையால முட்டி முட்டி, என் வீட்டுக்காரருக்கு மூளையில அடிபட்டுப்போச்சும்மா. இன்னும் ஒரு தடவை முட்டினா உயிருக்கே உத்தரவாதம் இல்லைன்னு டாக்டர் கைவிரிச்சுட்டார். அந்தக் கடைசி ஆட்டத்துக்கு முன்னாடி அவரேதான் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னார். 'நான் கெஞ்சினாலும் என்னை இறக்காதே. காரணத்தையும் யாருக்கும் சொல்லாதே. என்னைப் பார்த்து யாரும் ஐயோ பாவம்னு சொல்லிடக் கூடாது'ன்னு. அண்ணனும் வாக்குக் கொடுத்தாங்க."

"அப்புறம் ஏன் இப்போ இவரைப் போய்…"

"தான் அப்படிச் சொன்னதே அவருக்கு மறந்துபோச்சு."

நிருபருக்கு முகத்தில் வெந்நீரை ஊற்றியது போலிருந்தது. எத்தனை பேர் கைதட்டினார்கள் அந்தக் கட்டுரைக்கு! எழுதுவதற்கு முன்னால் இந்த மனுஷன் வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு வார்த்தை கேட்டாளா? டி.வி.யில் பார்த்ததே போதும் என்று எழுதிக் கொடுத்தாளே!

கோச்சின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்தபடியே சொன்னாள்.

"நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் சார்."

"கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். விடுங்கம்மா."

"இல்லை சார், நாளைக்கே உண்மையை எழுதிடறேன். மன்னிப்பும் கேட்டு எழுதறேன்."

"ஐயய்யோ, வேண்டவே வேண்டாம்!" கோச் பதறிப்போனார். "ஒரு தடவை நாங்களே அவன்கிட்ட எடுத்துச் சொன்னோம். தனக்கு வியாதின்னு அன்னிக்குத்தான் முதல்முதலாக் கேட்கிற மாதிரி, குழந்தையாட்டம் தேம்பித் தேம்பி அழுதான். மறுநாள் அதுவும் மறந்துபோச்சு. இன்னொரு தடவை அவனை அப்படி அழவைக்க எனக்குத் தெம்பில்லை. பேப்பரை மட்டும் தினமும் ஒரு எழுத்து விடாம படிக்கிறான்."

"அதுக்காக? ஊரே உங்களைக் காறித் துப்புதே சார்!"

"வாசல்ல யாரு?" உள்ளேயிருந்து கேப்டனின் குரல்.

கோச் சட்டென்று இரண்டு படி இறங்கி, சுவரோரம் ஒதுங்கினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தன் மூளை கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சு துடிக்கிறதுக்கு, நான்தான் கெட்டவன்னு நினைச்சுக்கிட்டு இருக்கிறது அவனுக்கு எவ்வளவோ தேவலை. அதனால, போன தடவை மாதிரியே என்னைத் திட்டி எழுதிடுங்கம்மா… இன்னும் கொஞ்சம் காட்டமாவே!"