எழுபத்தொரு சதவீதம்

தணிகாசலத்தின் செயற்கைக் கால்களுக்குள் இருந்த பழைய கம்ப்யூட்டரில் மென்பொருளை மறுபடி ஏற்றத் தொடங்கியது காலை எட்டு மணிக்கு. எழுபத்தொரு சதவீதத்தில் அது உறைந்துபோனது. பதினொரு மணியாகியும் அவர் கூடத்தின் நடுவே நின்றுகொண்டிருந்தார். உட்காரவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை.

மனைவி கோமளவல்லி, மெக்கானிக் ஷகிலாவைப் போனில் பிடித்தாள்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டுமா?"

"தொட்டுடாதீங்கம்மா. பாதியில ஆஃப் பண்ணா அவ்வளவுதான். இந்த மாடல் கால இப்ப யாரும் செய்றதே இல்ல." ஷகிலா சற்று யோசித்தாள். "நேத்து ஆயுத பூஜைக்குக் காலுக்குப் பொட்டு வெச்சீங்களா?"

"வருஷா வருஷம் வெப்பேன். மிக்ஸிக்கு, ஸ்கூட்டருக்கு, இதுக்கு."

"முட்டிக்குக் கீழ சின்னதா ஒரு லென்ஸ் இருக்கும். அது தரையைப் பார்த்தாத்தான் சதவீதம் மேல ஏறும். தொடச்சு விடுங்க."

கோமளவல்லி மண்டியிட்டு, காய்ந்திருந்த சந்தனத்தை முந்தானையால் தேய்த்தாள். எழுபத்திரண்டு. எண்பது. நூறு.

தணிகாசலம் ஒரே ஓர் அடி எடுத்து வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"அடுத்த வருஷம் எனக்கு நெத்தியில வை," என்றார். "போதும்."