மேசைக்கடியில் புள்ளிவிவரம்

வகுப்பறைக்குள் துப்பாக்கி கொண்டுவரலாமா என்று எங்கள் டெக்சாஸ் கல்லூரியின் மாணவர் மன்றம் இன்று வாக்களிக்கிறது. கொண்டுவரலாம் என்று டேனர் பேசி முடித்துவிட்டுப் பெருமையாகத் தண்ணீர் குடிக்கிறான். அவன் திரையில் போட்ட சாவுக் கணக்கு வரைபடத்தில் மாரடைப்பும் புற்றுநோயும் நெடுநெடுவென்று நிற்கின்றன. துப்பாக்கிச் சாவு ஓர் ஓரத்தில் அடக்கமாக நிற்கிறது. அடுத்து ரெனாட்டாவின் முறை. போன வருடம் பள்ளியில் சுடப்பட்டு இறந்த தம்பி மாட்டேயோவைப் பற்றி முதல்முறையாக வாய் திறக்கப் போகிறாள். தொண்டையைச் செருமுகிறாள். உடனே ஒலிபெருக்கி அலறுகிறது: துப்பாக்கிக்காரன் நுழைந்தால் ஒளிவதற்கான மாதாந்திர ஒத்திகை. பழக்கப்பட்ட கைகள் விளக்கை அணைக்கின்றன, கதவில் நாற்காலிகளை அடுக்குகின்றன. எல்லோரும் மேசைகளுக்கடியில் நுழைகிறோம். இருட்டில், மேசையடியில் ஒட்டிய பழைய சூயிங்கம் வாசனையும் பிறர் மூச்சும். டேனர் கிசுகிசுக்கிறான், "நான் சொன்னது நிஜம்தானே? கொழுப்புதான் நிறைய பேரைக் கொல்லுது."

"அப்ப இங்க எதுக்குடா பதுங்கியிருக்க? பர்கர் வருதுன்னா?" என்கிறாள் ரெனாட்டா.

"உஷ்!" என்கிறார் நடுவர் லிண்ட்குவிஸ்ட். காவலர் வெளியிலிருந்து கதவுப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டு, திருப்தியாகப் போகிறார். விளக்கு எரிகிறது. நடுவர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து கடிகாரத்தைப் பார்க்கிறார்.

"ரெனாட்டா, உன் நேரம் முடிஞ்சிருச்சும்மா. விதின்னா எல்லாருக்கும் விதிதான். சரி, ஓட்டெடுப்பு. அனுமதிக்கலாம்ங்கிறவங்க?"

ரெனாட்டா இன்னும் மேசைக்கடியிலிருந்து எழவில்லை. அவள் தலைக்கு மேலே கைகள் உயர்கின்றன.