கூமுட்டை நாற்றம்

மூக்கை மஃப்ளரால் இறுக்கி மூடிக்கொண்டுதான் ஆர்லிஸ் கொட்டகைக்குள் நுழைந்தாள். அப்படியும் குடலைப் புரட்டியது. அசல் கூமுட்டை நாற்றம்.

தன் கேரவனுக்குப் பக்கத்தில் நின்ற கேரவனின் படியில் உட்கார்ந்து எல்ராய் பாட்டிலுக்குள் விரலை விட்டு, வினிகரில் ஊறவைத்த மீனை எடுத்துத் தின்றுகொண்டிருந்தான். தாடியில் சாறு வழிந்தது. மனுஷனா இவன் என்று அவளுக்கு அருவருத்தது.

"சௌக்கியமா எல்ராய்?" என்றாள் சிரித்தபடி. மின்னசோட்டா மாநிலத்துக்காரர்கள் யாரையும் முகத்துக்கு நேரே திட்டிவிட மாட்டார்கள். வசையெல்லாம் முதுகுக்குப் பின்னால்தான்.

"சௌக்கியம் ஆர்லிஸ். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு ரொம்ப நாளா..."

"இன்னொரு நாள் பேசலாமே." தன் கேரவனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வாயைத் திறந்தாலே மீன் கவிச்சி!

கோடையில் ஊர்சுற்றப் போகும் கேரவன்கள் பனிக்காலம் முழுக்க மேவிஸின் இந்தக் கொட்டகையில்தான் நிற்கும். சுற்றுவட்டாரத்தில் ஐம்பது மைலுக்குக் கூரையும் கரண்ட்டும் உள்ள இடம் இது ஒன்றுதான். இங்கிருந்து வெளியே போனால் திறந்தவெளிப் பனியில்தான் நிறுத்தவேண்டும். அப்புறம் இடம் திரும்பக் கிடைக்காது, காத்திருப்போர் வரிசை அவ்வளவு நீளம்.

சும்மா நின்றால் பேட்டரி செத்துப்போகும். அதனால் நவம்பரிலேயே ஆர்லிஸ், காலமான கணவரின் பழைய சார்ஜரைச் சொருகிவிட்டாள். "இப்ப வர்ற சார்ஜரெல்லாம் பேட்டரி நிறைஞ்சதும் தானா நின்னுடுது, சோம்பேறிங்க. எங்க வீட்டுக்காரரோடது ஒருதடவை சொருகினா வசந்தம் வரைக்கும் ஓயாது" என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வாள்.

அந்த பிளக்கை யாரோ பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ என்ன, எல்ராய்தான். போன வாரம் இரண்டு தடவை. இந்த வாரம் திங்கட்கிழமை பிடுங்கியதை அவள் புதன்கிழமைதான் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சொருகினாள்.

இன்று வெள்ளி. இதற்குமேல் பொறுக்க முடியாது என்று மேவிஸின் அறைக்குப் போனாள்.

"நேத்து சாப்பிட்டது தொண்டை வரைக்கும் வந்துடுச்சு மேவிஸ். அப்படி ஒரு நாத்தம். செவ்வாய்க்கிழமை மட்டும் கொஞ்சம் தேவலை, அன்னிக்குத்தான் குளிச்சிருப்பான்போல."

சொல்லிவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினாள். 'நாற்றமடிக்கும் வண்டி எதுவோ, அது கண்டுபிடிக்கப்பட்ட அன்றே மாலை ஐந்து மணிக்குள் வெளியேற வேண்டும்.' கீழே வண்டி வைத்திருக்கும் பதினான்கு பேர் கையெழுத்து. முதல் கையெழுத்து ஆர்லிஸுடையது.

"எல்ராய்னே எழுதியிருக்கலாமே?" என்றாள் மேவிஸ்.

"சேச்சே, பேரைச் சொல்லி எழுதறதா? நாம என்ன அப்படிப்பட்டவங்களா?"

மேவிஸ் பெருமூச்சோடு காகிதத்தை மடித்து கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு பேரும் எல்ராயின் வண்டிக்குப் போனார்கள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு மறுபேச்சில்லாமல் கதவைத் திறந்துவிட்டான்.

உள்ளே சோப்பு வாசனை. குளிர்பெட்டி காலியாக, கதவு மூடிக்கொள்ளாதபடி துண்டு செருகி வைக்கப்பட்டிருந்தது. ஆர்லிஸ் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"பேட்டரி எங்க?" என்று மேவிஸ் கேட்டாள்.

"அதை அக்டோபர்லயே கழட்டி வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோயிட்டேன். அங்கயே மாசம் ஒருதடவை சார்ஜ் போட்டுடுவேன்."

"எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கான் மேவிஸ். நல்லா தேடு" என்று ஆர்லிஸ் கிசுகிசுத்தாள்.

மேவிஸ் கீழே இறங்கினாள். இறங்கியதும் நாற்றம் மறுபடி முகத்தில் அடித்தது. மூக்கு காட்டிய வழியில் நாலு எட்டு வைத்தவள், ஆர்லிஸின் வண்டிப் பக்கவாட்டில் இருந்த பேட்டரிப் பெட்டியின் மூடியைத் தூக்கினாள்.

தூக்கிய வேகத்தில் ஓடிப்போய்ச் சுவரோரம் ஓங்கரித்தாள். உள்ளே பேட்டரி நாலு பக்கமும் உப்பிக் கிடந்தது. அதற்குள்ளிருந்த அமிலத் தண்ணீர் களக் களக்கென்று கொதித்துக்கொண்டிருந்தது.

எல்ராய் போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினான். "வயிறு நிறைஞ்ச பேட்டரிக்கு இன்னும் இன்னும் ஊட்டினா இப்படித்தான் நாறும் ஆர்லிஸ். அதான் அப்பப்ப பிடுங்கிவிட்டேன். சொல்ல வந்தா நீங்க கதவைச் சாத்திக்கறீங்க. அதுல வர்ற வாயுல ஒரு பொறி பட்டிருந்தா கொட்டகையே பறந்திருக்கும்."

பெரிய கதவைத் திறந்து வைத்தார்கள். பனிக்காற்று சுரீரென்று உள்ளே வந்தது. ஆர்லிஸ் மஃப்ளரை முகத்திலிருந்து இறக்கினாள். அவளுக்குத் தன்மேலேயே குமட்டியது.

மேவிஸ் வாயைத் துடைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று. கோட்டுப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள்.

"மேவிஸ்... அது எல்ராய்க்காக எழுதினதுதானே?"

மேவிஸ் காகிதத்தைப் பிரித்து ஒரு தடவை நிதானமாகப் படித்தாள். பிறகு மிக இனிமையாகப் புன்னகைத்தாள்.

"இதுல யார் பேரும் இல்லையே ஆர்லிஸ்."